லீவு தொடங்கும் முன்பே வரும் பயம்

திஞ்சான் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றில் ஒரு கலக்கம் வந்துவிடும். ரங்கூனில் வருஷத்தின் பெரிய லீவு இதுதான். ஏப்ரல் 13 முதல் 16 வரை தண்ணீர்த் திருவிழா, 17 பர்மியப் புத்தாண்டு, நடுவே 14ஆம் தேதி நம் சித்திரை முதல் நாள். ஆபீஸ் கிடையாது, பாதிக் கடைகளும் கிடையாது. மற்ற நாளெல்லாம் சரக்குக் கப்பல் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, தனக்கென்று கிடைக்கிற நேரம் இவ்வளவுதான். அதையும் வீணாக்கிவிடுவேனோ என்ற பயம் லீவுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நான் நினைப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான தான்லினில் சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். பீலிக்கான் கோயிலுக்குப் போய்வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கடிதங்களைப் படித்து அடுக்க வேண்டும். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன சொந்தக்காரர்கள் அங்கிருந்து எழுதியவை அவை. நீல ஏரோகிராம் தாள். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து வரி அறுந்திருக்கும். ஓரத்தில்கூட இடம் விடாமல் நெருக்கி எழுதியிருப்பார்கள். ஒரு கடிதம் படிக்கவே அரை மணி நேரம் ஓடிவிடும்.

லீவின் முதல் நாள் விடியும் முன்பே முழிப்பு வந்துவிடுகிறது. கரண்ட் இருக்கும்போதே தண்ணீர் ஏற்ற வேண்டும், மாவு அரைக்க வேண்டும், வருஷப் பிறப்புச் சமையல் வேறு. "லீவுதானே, கொஞ்ச நேரம் படுடி" என்பார் அம்மா. படுத்தால் இன்னும் மோசம். கடிதம் படிக்க வேண்டிய நேரத்தில் படுத்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இது எனக்கு மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வருகிறவர்களைப் பற்றி ஹங்கேரி மனநல மருத்துவர் சாந்தோர் ஃபெரென்சி 1919இலேயே எழுதியிருக்கிறார். எனக்கு அதைவிட உதவியது, 2016இல் கேப்ரியெலா டோனியெட்டோவும் செலின் மல்கோச்சும் வெளியிட்ட ஆராய்ச்சி. பரீட்சை சமயத்தில் மாணவர்களுக்கு இலவசக் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு இன்ன மணிக்கு என்று நேரம் குறித்தாயிற்று. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மணி குறித்துக்கொண்டு வந்தவர்கள்தான் குறைவாக அனுபவித்தார்கள். ஓய்வுக்கும் மணி குறித்துவிட்டால் அது வேலை மாதிரி ஆகிவிடுகிறதாம். சரி என்று, கடிதங்களுக்கு 'மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு' என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

காலைப் பொழுதில் கீழ்வீட்டு பர்மிய அக்கா மொன்லோன்யேபோ உருட்டக் கூப்பிடுவார். பசையரிசி மாவின் நடுவே பனைவெல்லத் துண்டை வைத்து, விரிசல் விடாமல் உருட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். வெந்தால் தானாக மேலே மிதந்து வரும். தேங்காய்த் துருவலோடு சாப்பிடலாம். ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாயை ஒளித்து வைப்பார்கள். அது யார் வாயில் மாட்டுகிறதோ, அவரைப் பார்த்து மாடிப்படியெல்லாம் சிரிப்பு. என் பட்டியலில் இல்லாத காலை அது. அதை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன்.

ஆனால் எதுவுமே வீண் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் எனக்கு மனசில்லை. போனைத் தள்ளித் தள்ளியே கழிகிற சாயங்காலம் வீண்தான். கடிதங்கள் காத்திருக்கும், அதில் வரும் பெயர்களைத் தெரிந்தவர்கள் காத்திருப்பார்களா? எங்கள் வீட்டில் இப்போது அம்மாவும் சித்தியும்தான் மிச்சம்.

அதனால் மத்தியானத்தில் அம்மாவின் பாய்க்குப் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து வைக்கிறேன். நான் சத்தமாகப் படிப்பேன். அம்மா கண்ணை மூடியபடியே, "அது உங்க பெரியத்தை, மூத்தவங்க" என்பார். யார் யாருக்கு என்ன முறை என்று தனித்தாளில் எழுதிக்கொள்கிறேன். சில நாள் ஒரே கடிதத்தோடு அம்மா தூங்கிவிடுவார். அம்மாவுக்கும் பிடிபடாத பெயர்களுக்கு ஒரு தாள் ஒதுக்கியிருக்கிறேன். தான்லினுக்குப் போகும்போது சித்தியிடம் கேட்க வேண்டும்.