சாம்பலும் செம்மண்ணும்: மதுரையிலிருந்து ஓரியூருக்குத் தவக்காலத் திருப்பயணம்

டிசம்பர் பிறந்ததும் மாசி வீதிக் கடைகளில் ஸ்டார் தொங்கிவிடும். பேக்கரியில் பிளம் கேக்குக்கு ஆர்டர் எடுப்பார்கள். துணிக்கடை வாசலில் சிவப்புத் தொப்பி போட்ட தாத்தா பொம்மை நின்று கையாட்டும். திருச்சபைக் கணக்கில் அப்போது நடப்பது திருவருகைக் காலம். ஊதா உடையும் காத்திருப்புமாக நான்கு ஞாயிறு. கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குவதே 24ஆம் தேதி மாலையில்தான். நமக்குத் திருநாள் பிறக்கிற நேரத்தில் கடைக்கு அது முடிந்துவிடுகிறது, மறுநாளே பொங்கல் தள்ளுபடிப் பலகை ஏறிவிடும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவருக்கு அது தொழில். ஆனால் நம் பிள்ளைகளும் திருநாளைக் கடையின் நாள்காட்டியைப் பார்த்தே கணக்கிடப் பழகிவிட்டார்கள், மனசு நோகிறது அதில்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான தவக்காலத்தைக் கடைவீதியால் தொட முடியவில்லை. சாம்பலுக்கு யார் விலை வைப்பது? பசிக்கு எப்படித் தள்ளுபடி கொடுப்பது? 2018இலும் 2024இலும் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 14இல் வந்தது. ரோஜாவும் சாக்லேட்டும் கடை கடையாகக் குவிந்துகிடந்த அதே நாள் காலையில், நெற்றியில் சாம்பலோடு ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பிருந்தார்கள் நம் சனங்கள். மல்லிகை விளைகிற மதுரையில், பீடத்தில் ஒரு முழம் பூ இல்லாமல் நாற்பது நாள் பூசை நடக்கிறது. ஆண்டில் மற்ற நாளெல்லாம் பூவாலும் விளக்காலும் நிறைந்திருக்கும் பீடம் வெறுமையாக நிற்பதைப் பார்த்தாலே பாதித் தியானம் ஆகிவிடும்.

பெரியவர்கள் இன்னும் விபூதிப் புதன் என்றே சொல்லும் அந்த நாளுக்கான சாம்பலையும் யாரும் வாங்கக் கூடாது. போன ஆண்டு ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலை வீட்டில் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். புதனுக்கு முந்தைய ஞாயிறே அதைக் கோயிலில் சேர்த்துவிட வேண்டும். ஓலையை மட்டும் கொடுங்கள். ரிப்பன், நூல், பிளாஸ்டிக் பூ எதையும் கழற்றாமல் கொடுத்தால் சாம்பல் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். ஈரமில்லாத ஓலையாகப் பார்த்து இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரிக்க வேண்டும். ஒரேயடியாகத் திணித்தால் அடியில் காற்றுப் போகாமல் புகைந்து கரிக்கட்டையாக நிற்கும். ஆறவிட்டு, கையால் நொறுக்கி, வேட்டித் துணியில் சலித்தால் பத்துப் பதினைந்து வீட்டு ஓலைக்கு ஒரு டம்ளர் தேறினாலே பெரிது.

தண்ணீர் ஊற்றிக் குழைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சாம்பலில் காரத்தன்மை உண்டு. ஈரம் சேர்ந்தால் அது தோலைச் சுடும். குழந்தைகள் நெற்றியில் சிவந்து கொப்பளித்தே போகும். மந்திரிக்கும்போது தெளிக்கிற தீர்த்தத் துளிகளோடு ஈரம் நிற்கட்டும். உலர்ந்த சாம்பலை உச்சியில் தூவுவது பழைய முறை, அதில் எந்தக் கெடுதலும் இல்லை. நெற்றியில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

"நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சாமியார் சொல்லிச் சாம்பல் இடுகிற அந்தப் புதனுக்கும் ஓரியூருக்கும் ஓர் உறவு இருக்கிறது. போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) இராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் தலைவெட்டுண்டது 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 22. அதற்கு முன்னால் ஈஸ்டர் வரவே வராது. அங்கிருந்து 46 நாள் பின்னுக்கு எண்ணுங்கள், ஆறு ஞாயிற்றை நீக்கினால் தவக்காலத்தின் நாற்பது. பிப்ரவரி 4 அந்த ஆண்டின் சாம்பல் புதன். மண்ணுக்குத் திரும்புவாய் என்று திருச்சபை சொன்ன நாளிலேயே அவர் இந்த மண்ணுக்குத் திரும்பினார். அதனால்தான் ஓரியூருக்குத் தவக்காலத்தில் போவது மதுரைச் சனங்களுக்கு அத்தனை பொருந்திப்போகிறது.

அவர் வாழ்க்கையே ஒரு நேர்ச்சையில் தொடங்கியது. லிஸ்பனில் 1647 மார்ச் 1இல் பிறந்த பிள்ளை. சின்ன வயதில் பிழைப்பானா என்ற நிலை வந்தபோது, தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்ததும் நேர்ந்தபடி ஓராண்டு முழுக்க இயேசு சபைத் துறவியின் அங்கியை அவனுக்குப் போட்டுவைத்தார். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர், 1673இல் கப்பலேறி வந்து, காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழ் கற்று, பண்டாரசாமி என்னும் துறவிக் கோலத்தில் மறவர் சீமையில் நடந்தார். அந்த வழியை அவருக்கு முன்பே போட்டவர் 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நோபிலி. பரங்கியர் செல்வாக்கைத் தள்ளிவைத்து, எளிய மரக்கறிச் சாப்பாட்டோடு தமிழும் சமஸ்கிருதமும் கற்ற சந்நியாசி அவர். இந்தச் சீமையில் விசுவாசம் வேர்பிடித்தது வெறுங்கையோடு வந்தவர்களால். பங்குத் திருநாளுக்கு லட்சக்கணக்கில் லைட் செட்டுக்கும் பட்டாசுக்கும் கொட்டுகிற நாம் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி பயணத்துக்கு வருவோம். மதுரைப் பங்குகளில் வழக்கமாக இடைக்காட்டூரை முதலில் வைத்து, அடுத்து ஓரியூர் என்று திட்டம் போடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது சரி, வெயிலில் பார்த்தால் தவறு. இடைக்காட்டூரில் ஒன்றரை மணிநேரம் போய்விடும். ஓரியூர் போய்ச் சேரும்போது பதினொரு மணியாகிவிடும். மார்ச் மாத வெயிலில் செருப்பில்லாமல் மணலில் கால் வைக்க முடியாது. வயதானவர்கள் நிழலைத் தேடி ஒதுங்கிவிடுவார்கள், பிள்ளைகள் அழும், செபம் சிதறும். அதனால் அதிகாலை மூன்று மணிக்கே கிளம்புங்கள். தொண்டி சாலையில் சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாக ஓரியூரை விடியலில் சேர்ந்துவிட்டு, திரும்பும்போது பிற்பகலில் இடைக்காட்டூர். பெர்டினாண்டு செல்லே சுவாமிகள் கட்டி 1894இல் முடித்த திருஇருதய ஆலயம் அது. பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தைப் பார்த்து எழுப்பிய கோதிக் வேலை. செங்கற்களும் சுடுமண் ஓடுகளும் சேர்ந்த தடித்த சுவர்கள். வெளியே அனல் பறக்கும்போது உள்ளே போனால் உடம்பு தானாக ஆறும். அந்த நேரத்தை அங்கே வைப்பதுதான் கணக்கு.

பேருந்தை அமர்த்தும்போது வாடகையோடு டிரைவர் பேட்டா, டோல், நிறுத்தக் கட்டணம் மூன்றும் உள்ளடக்கமா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வழியில் டிரைவர் நிறுத்துகிற கடையில் சாப்பிட்டால் தவக்காலமும் போச்சு, நேரமும் போச்சு. மூன்று மணிக்குக் கிளம்பும் வண்டிக்குப் புளியோதரை நல்லது. ராத்திரியே கிளறி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பத்து மணிக்குப் புளித்துவிடும். மதியத்துக்குத் தயிர்சாதம் என்றால் பாலை அதிகமாகவும் உறையைக் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைய வேண்டும். சாப்பிடுகிற நேரத்துக்குத்தான் அது தயிராகும். ஐம்பது பேருக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தாவது வேண்டும். மெழுகுவர்த்தியை வண்டியின் முன்கண்ணாடிப் பக்கம் வைத்தால் வெயிலில் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருக்கைக்கு அடியில் ஈரத்துணி சுற்றி வையுங்கள்.

பூசைக்குத் திருத்தல அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது பேருக்கு இரண்டரை மணிநேரம். ஒரே சாமியார் வந்திருந்தால் பாதிப்பேர் வரிசையில் நின்றே திரும்ப வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒருமுறை மனசைத் திறக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. மூன்று சாமியார்களைக் கேட்டு அழைத்துப் போங்கள், அல்லது கிளம்புகிற வாரம் பங்கிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வண்டியை விட்டிறங்கி, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று தியானிக்கிற சிலுவைப்பாதையாக நடப்பது நல்ல பழக்கம். பதினான்கு நிலைகளுக்கும் இடையே சுமார் நூற்றைம்பது மீட்டர் வரும். நிலைக்கு ஐந்து நிமிடமும் நடையும் சேர்த்தால் நூறு நிமிடம். சிலுவையைத் தூக்குகிற இளவட்டங்கள் வேகமாகப் போய்விடுவார்கள். முன்னால் ஐந்தாம் நிலை நடக்கும்போது பின்னால் பாட்டிமார் மூன்றிலேயே நிற்பார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கூட்டினால் தீராது. சிலுவைக்கு முன்னால் நடக்க முடியாத ஒருவரை நிறுத்தி, அவர் வேகத்துக்கு மற்றவர்களை நடக்கச் சொன்னால் கூட்டம் தானாகச் சேரும்.

நேர்ச்சைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முடி எடுப்பது, தென்னங்கன்று கொடுப்பது எப்போதும் நடக்கும். ஆட்டுக் கிடாய் நேர்ந்திருந்தால் ஈஸ்டருக்குப் பிறகு தனியாக வருவதே முறை. நோன்பிருக்கிற கூட்டத்துக்கு நடுவே கறிச்சோறு ஆக்கினால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

திருத்தலம் எதுவாக இருந்தாலும் வாசல் வியாபாரம் இப்போது கூடிக்கொண்டே போகிறது. "ஒரு செட் வாங்குங்கம்மா, மாலை, படம், எண்ணெய், எல்லாம் மந்திரிச்சது" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். மண்ணையும் தண்ணீரையும் பாக்கெட்டில் அடைத்துக் காசு கேட்பவர்களையும் சில ஊர்களில் பார்க்கலாம். விசுவாசத்தோடு வருகிற ஏழைப் பெண் பேருந்துக் காசை அங்கே தொலைத்துவிட்டு நிற்பது பார்க்கப் பொறுக்காது. மந்திரித்த பொருளை விலைக்கு விற்கக் கூடாது என்பது திருச்சபை நெறி, விற்பவர் அப்படிச் சொன்னாலே வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். செபமாலை வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போய்ச் சாமியாரிடமே கொடுத்து மந்திரியுங்கள், அதற்குக் காசு கிடையாது.

ஓரியூரில் நாம் தேடிப் போவது அந்தச் செம்மண். புனிதர் ரத்தம் சிந்திய இடத்தில் மண்ணே சிவந்தது என்று முந்நூறு ஆண்டாகத் தாய் பிள்ளைக்குச் சொல்லிவருகிறாள். கழுத்தில் செபமாலை போட்டவரும் நெற்றியில் திருநீறு பூசியவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை. ஒரு பிடி எடுத்தால் போதும். பை கொண்டுவந்து அள்ளுவது வேண்டாம், அடுத்து வருபவருக்கும் இருக்கட்டும். ஈரக் கையால் எடுத்தால் கட்டிபிடித்துவிடும். உலர்ந்த விரலால் எடுத்து, முதலில் நெற்றியில் இட்டு, மீதியை முந்தானை நுனியில் முடிந்துகொள்வார்கள் நம் பெண்கள். அந்த முடிச்சைப் போடுகிற விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? களையெடுத்துக் காய்த்த விரல்கள், பாத்திரம் தேய்த்து வெடித்த விரல்கள். பிள்ளையில்லாதவள் வயிற்றில் கை வைத்தபடி முடிவாள். பிள்ளை பெற்றவள் குழந்தையை அந்த மண்ணிலேயே கிடத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைத்தாலும் அன்றைக்கு யாரும் அதட்டுவதில்லை.

தலை வெட்டுகிறதற்கு முந்தின நாள் அருளானந்தர் சிறையிலிருந்து சக குருக்களுக்குக் கடிதம் எழுதினாரே, அவர் கலங்கவில்லையே. 1686இல் பிடித்து வதைத்து, நாடு கடத்தி, லிஸ்பனுக்கே போய்விட்ட மனுஷர். அரசர் இருந்துவிடச் சொல்லியும் 1690இல் திரும்பி வந்தாரே, எதற்கு? இந்த விரல்களுக்காகத்தானே. நாற்பத்தாறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லாதபோது எங்கள் மண்ணில் உம்மை இறக்கிவைத்தீரே, அருளானந்தரே. உம்மைப் புனிதர் என்று ரோமாபுரி அறிவித்தது 1947 ஜூன் 22இல். எங்கள் பாட்டிமார் அதற்கு எவ்வளவோ முன்பே அறிந்திருந்தார்கள். சுகமான பிள்ளைகளுக்காக நன்றி. சுகமாகாமல் உம் மடியில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்காகவும் நன்றி. விளைந்த வயலுக்கும், காய்ந்த வயலில் விடாமல் எங்களை நிறுத்திவைத்ததற்கும் நன்றி. காசு கேட்காமல் இந்த மண்ணைத் தந்ததற்கு நன்றி, சாமி. பேருந்து ஹாரன் அடிக்கிறது, இன்னும் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அவர்கள் முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை டிரைவர் தம்பி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.