மகனுக்குப் பதில் சொல்லப் போனேன்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, இயேசுவின் கதையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றான மாற்கு சுவிசேஷத்தை ஆழமாகப் படிக்கப் போகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது நான்தான். பக்தி பொங்கியெல்லாம் இல்லை. பெங்களூரில் இருக்கிற என் மகனின் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கோயிலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "கோயிலுக்குப் போனியாய்யா?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும். ஒருநாள் கேட்டான்: "இயேசு உயிர்த்தெழுந்த அன்னிக்கு அவரோட கல்லறைக்குள்ள ஒரு வாலிபன் இருந்தான்னு மாற்கு சொல்றார். லூக்கா ரெண்டு பேர்ங்கிறார். எதும்மா சரி?" நான் இருபது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள். வேத வினாவிடைப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில்தான் எங்கள் வீட்டில் இன்னும் சாப்பாடு. வேதாகமத்தில் 1189 அதிகாரம், சங்கீதம் 119இல் 176 வசனம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கேள்விக்கு மட்டும் வாய் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன். அவனுக்கும் அது புரிந்திருக்கும்.

முதல் நாள் பதினான்கு பேர் வந்திருந்தோம். நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எல்லாருக்கும் எச்.எம். சார். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, இந்தப் படிப்பில் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், பெயர் போடாமல் எழுதுங்கள் என்றார். பிறகு ஒவ்வொன்றாக வாசித்தார். 'மறைவான சத்தியங்களை அறிய.' 'பிரசங்கக் குறிப்பு எடுக்க.' 'ஜெபிக்க ஆசை வரவேண்டும்.' 'ஏழரைக்குள் முடிக்கவும், பஸ் இருக்கிறது.' என் சீட்டு: 'கேள்வி கேட்கிறவர்களுக்குத் தக்க பதில்.' எல்லாவற்றையும் மடித்துத் தன் பைபிள் உறைக்குள் செருகிக்கொண்டு, "இதுல எதுக்கும் நான் பொறுப்பில்ல" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் நிபந்தனைகள் வந்தன. ஒன்பது மாதம். மாற்கு மட்டும். மத்தேயுவில் இப்படி இருக்கிறதே, லூக்காவில் அப்படி இருக்கிறதே என்று யாரும் கொண்டுவரக் கூடாது. விளக்கவுரைப் புத்தகம் வேண்டாம். யூடியூபில் கேட்டதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். எனக்கு அங்கேயே சப்பென்று ஆகிவிட்டது. லூக்காவைத் தொடாமல் என் மகனுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? மறுவாரம் வராமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெயர் கொடுத்த முதல் ஆளே நின்றுவிடுவது நன்றாக இருக்காதே என்றுதான் போனேன்.

சார் கையில் கொடுத்தது பைபிள் இல்லை, ஜெராக்ஸ் தாள்கள். நாம் கோயிலில் வாசிக்கிற பவர் ஐயரின் தமிழ் மொழிபெயர்ப்புதான், 1871இல் முடிந்தது. ஆனால் அதிகார எண், வசன எண், தலைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வரிக்கு வரி இடம் விட்டுத் தட்டச்சு செய்திருந்தார். வசன எண்ணே இல்லாத வேதத்தைப் பார்த்ததும் துணி இல்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி ஒரு கூச்சம் எனக்கு. அந்த எண்களை மாற்கு போடவில்லை, ராபர்ட் எஸ்தியேன் என்கிற அச்சுக்காரர் 1551இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில்தான் போட்டார் என்று சார் சொன்னார். அறுபத்தொரு வயதில் அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும்.

முதல் வீட்டுப்பாடம்: தாள்கள் முழுவதையும் ஒரே மூச்சில், சத்தமாக வாசிக்க வேண்டும். காலையில் ஒரு அதிகாரம், ராத்திரி ஒரு சங்கீதம், வருஷத் தொடக்கத்தில் ஒரு வாக்குத்தத்த அட்டை என்று வளர்ந்தவள் நான். மாத்திரை மாதிரி, வேளைக்கு ஒன்று. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. தொண்டை கட்டிவிட்டது. இயேசுவின் பிறப்பும் இல்லை, மாட்டுத் தொழுவத்து முன்னணையும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஆள் யோர்தான் ஆற்றில் நிற்கிறார். அங்கிருந்து ஒரே ஓட்டம். தபால் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் முத்திரை குத்தியவள் நான், அந்த வேகம் எனக்குத் தெரியும்: உடனே, உடனே, உடனே. எருசலேமுக்குள் நுழைந்த பிறகு அந்த ஓட்டம் நின்றுபோகிறது. பதினாறில் ஆறு அதிகாரம் கடைசி ஒரு வாரத்துக்கே போய்விடுகிறது.

அடுத்த வாரம் 'உடனே' எத்தனை என்று பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினோம். பதினான்கு பேருக்கும் பதினான்கு கணக்கு. 'ஜலத்திலிருந்து கரையேறினவுடனே' என்பதைச் சேர்க்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் சண்டை. கிரேக்கத்தில் அதற்கான சொல் மாற்கில் 40 தடவைக்கு மேல் வருகிறது, தமிழில் கொஞ்சம் சொல்லோடு ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் வேறு சொல்லாகிப் போனது என்றார் சார். மறைவான சத்தியம் கேட்டு வந்தவர் என் பக்கம் சாய்ந்து, "இதுக்கா வந்தோம்?" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டு, மூன்றாம் அதிகார வாரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரியவர் எந்த வசனத்திலும் பதினைந்து நிமிஷம் பிரசங்கம் வைத்துவிடுவார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபோது ஒன்பது பேர்தான் மிச்சம்.

எங்களில் மீன் வியாபாரம் செய்கிற அக்கா ஒருவர் உண்டு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். முதல் சில வாரங்கள் அவர் வாசிக்கும் முறை வரும்போது நான் உள்ளுக்குள் பொறுமை இழந்திருக்கிறேன், மறைப்பதற்கில்லை. நான்காம் அதிகாரத்தில் புயல். 'கப்பலின் பின்னணியத்தில்' இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். பின்னணியம் என்றால் என்ன என்று சார் கேட்டார். பின்னணி இசை தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த அக்காதான், "அணியம்னா வள்ளத்துக்கு முன்பக்கம் சார். அப்ப இது பின்பக்கம்" என்றார். நாற்பது தடவையாவது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதை அது.

அதற்கு அடுத்த அதிகாரத்தில் யவீருவின் மகள். சாகக் கிடக்கிறாள். இயேசு கூடவே கிளம்புகிறார். வழியில் பெரும்பாடுள்ள ஸ்திரீ, இரத்தப்போக்கு நிற்காதவள், அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள், இயேசு நின்றுவிடுகிறார். நாங்கள் எல்லாரும் அந்த ஸ்திரீயின் விசுவாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதைத்தானே எப்போதும் பேசுவோம். அக்கா தாளில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்னு போட்டிருக்கு. பன்னெண்டு வருசத்துக் கதை. அதச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அந்தத் தகப்பன் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான இருந்திருப்பான்?"

யாரும் பேசவில்லை. என் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ராத்திரி, எங்களுக்கு முன்னால் வந்தவரிடம் டாக்டர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்ததும், நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. அக்கா விடவில்லை. கதையின் கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது என்று வருகிறதல்லவா, அதைக் காட்டினார். "இந்தப் பிள்ள பொறந்த வருசம் அவளுக்கு நோய் கண்டிருக்கு." வினாவிடைப் போட்டிக்காக இரண்டு பன்னிரண்டையும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். தனித்தனியாக. சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ஒன்பது மணிக்குத்தான் கலைந்தோம். பஸ்காரரும் இருந்தார்.

எட்டாம் அதிகாரம் நடந்த மாதம் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கட்டை அவிழ்த்ததும் அம்மா, "ஆள் அசையுறது தெரியுது, மொகம் கூடல" என்றாள். பெத்சாயிதாவில் ஒரு குருடன், மாற்கில் மட்டும் வருகிறவன், ஒரே தொடுதலில் அவனுக்குச் சரியாகவில்லை. 'நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்' என்கிறான். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். இதை ஓய்வுநாள் பள்ளியில் நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். ஏன் முதல் தடவையே நடக்கவில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிடுமோ என்று பயம். சார் அதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. அடுத்த பத்தியை வாசிக்கச் சொன்னார். அங்கே பேதுரு 'நீர் கிறிஸ்து' என்கிறான். அதே மூச்சில், தான் பாடுபட்டுச் சாக வேண்டும் என்று சொன்ன இயேசுவைக் கடிந்துகொண்டு, 'சாத்தானே' என்று பேச்சும் வாங்குகிறான். "இவனுக்கு எத்தனாவது தொடுதல்?" என்று மட்டும் கேட்டார் சார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு இன்னும் ஒரு கண்ணு பாக்கி இருக்குட்டி" என்றாள்.

பதினாறாம் அதிகாரத்துக்குத்தான் நான் எட்டு மாதமாகக் காத்திருந்தேன். தாளில் கடைசிப் பக்கம். வெள்ளையங்கி தரித்து, வலதுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு வாலிபன். ஒருவன்தான், சந்தேகமில்லை. பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள். பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள். அதோடு தாள் முடிந்துவிட்டது.

"சார், ஜெராக்ஸ்ல ஒரு பக்கம் விட்டுப்போச்சு" என்றேன்.

"விட்டுப்போகல."

நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பழைய கையெழுத்துப் பிரதிகள், வத்திக்கான் பிரதியும் சீனாய் பிரதியும், எட்டாம் வசனத்தோடு மாற்கை முடித்துவிடுகின்றன என்றார். பின்னால் வந்த பெரும்பாலான பிரதிகளில் மிச்சம் பன்னிரண்டு வசனமும் இருக்கிறது, நம் பைபிளிலும் இருக்கிறது. பிரசங்கப் பெரியவர் எழுந்துவிட்டார். "அப்ப அதுல வர்ற சர்ப்பங்களை எடுப்பார்கள்ங்கிறது பொய்யா?" சார் குரலை உயர்த்தவில்லை. "யாரையும் கிழிக்கச் சொல்லல ஐயா. இருக்கு, வாசிங்க. இங்கேயே நிறுத்தினா எப்படி இருக்குன்னு ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்கன்னுதான் கேக்கேன்." பெரியவர் மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசி நாள் சீட்டுகளை மேசையில் பரப்பினார் சார். கையெழுத்தைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொண்டோம். ஏழரைக்குள் முடிக்கச் சொன்னவருக்கு மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமைகூட நிறைவேறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு நானே போன் போட்டேன். கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாற்குல ஒரு வாலிபன்தான்யா. லூக்கால ரெண்டு பேரு. நீ சொன்னது சரிதான், வேற வேறயாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அவ்வளவுதானா? விளக்கம் ஒண்ணும் இல்லியா?"

"சார் மாற்கு மட்டும்தான் நடத்துனாரு."

சிரித்துவிட்டான். பெண்கள் ஓடியதையும், யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனதையும், தாள் அங்கேயே முடிந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யார்ட்டயும் சொல்லலைன்னா மாற்குக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றான்.

நான் எழுந்துபோய்த் தாள்களை எடுத்துவந்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அதே கேள்வியைப் பென்சிலில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

அந்தத் தாள்கட்டை அனுப்பச் சொன்னான். வட்டங்களோடும், அழித்து எழுதிய கிறுக்கல்களோடும் அப்படியே ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். எடை போட்ட பையன் நான் வேலை சொல்லிக்கொடுத்தவன், "என்ன மேடம், பத்திரமா?" என்றான். மூன்றாம் நாள் பெங்களூரில் டெலிவரி ஆகிவிட்டது. வாசித்தானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.