நான்கெல்லைக்குள் தேடிய வம்சாவழி

வலங்கைமானுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், ஆற்றங்கரையை ஒட்டிய ஏழு மா (சுமார் இரண்டரை ஏக்கர்) நஞ்சையை வடக்குத் தெருக்காரர்கள் பொய் வழக்குப் போட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை. பெரியப்பா அதைச் சொல்லும்போது குரல் உயரும். எந்த வழக்கு, எந்த வருஷம், வடக்குத் தெருக்காரர்கள் நமக்கு என்ன உறவு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. ஆடி அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா சொல்லும் மூன்று பெயர்கள், அதாவது என் பாட்டன், பூட்டன், ஓட்டன் ஆகியோரின் பெயர்கள்தாம் என் கைமுதலாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களுக்குள் நுழைந்த நான் வெளியே வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதலில் வருவாய்த் துறைப் பதிவுகளைப் பார்த்தேன். இன்றைய பட்டாவிலிருந்து, 1979இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் திருத்தப்பட்ட அ-பதிவேட்டுக்கும் (ஊர் நிலங்களைச் சர்வே எண்வாரியாகக் காட்டும் பதிவேடு), அதிலுள்ள பழைய சர்வே எண்ணை வைத்து அதற்கு முந்தைய, நிலவரி நிர்ணயத்தின்போது எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் போக முடிந்தது. தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த வலங்கைமான் 1997இல் திருவாரூர் மாவட்டத்தோடு சேர்ந்தது என்பதை மறந்துவிட்டு, எந்தப் பதிவு எந்த ஊரில் இருக்கும் என்று விசாரிக்காமலே கிளம்பியதால் என் இரண்டு பயணங்கள் வீணாயின. வருவாய்ப் பதிவேடு நிலம் யார் பெயரில் இருந்தது என்று சொல்லுமே தவிர, ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் ஏன் வந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. 1980இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவி ஒழிக்கப்பட்ட பிறகும் சில கர்ணங்களின் வீட்டுப் பரணில் பழைய கணக்குகள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு எங்கள் ஊரில் விசாரித்தேன். கறையான் எனக்கு முன்பே அங்கே போயிருந்தது.

உறவு முறை தெரிய வேண்டுமானால் பத்திரங்களைத்தான் படிக்க வேண்டும். எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இணையத்தில் எனக்குக் கிடைத்த வில்லங்கச் சான்று 1975க்குப் பிந்தையது. அதற்கு முந்தைய காலத்துக்கு மனு எழுதி, ஆண்டுவாரியாகத் தேடல் கட்டணம் கட்டி, அட்டவணைப் பதிவேடுகளில் கையால் தேடச் செய்ய வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகலும் பெறலாம். உயில்கள் இருக்கும் 3ஆம் புத்தகத்தை அப்படிப் பார்க்க முடியாது, உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். அட்டவணைகளில் முதலாவது ஆட்களின் பெயர்வாரியானது, இரண்டாவது ஊரும் நிலமும் வாரியானது. நான் பெயர்வாரி அட்டவணையை நம்பி ஆறு மாதத்தைத் தொலைத்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் வழக்கமேதான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் குடும்பத்தில், ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, மறுபடியும் ராமசாமி மகன் முத்துசாமி என்று பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். ஊரில் வேறு இரண்டு வீடுகளிலும் அதே பெயர்கள் இருந்தால், கையில் இருக்கும் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் ஓட்டனா, பூட்டனா, ஊரார் பூட்டனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்திரத்தில் தமிழ் வருஷம் மட்டும் தெரிந்து ஆங்கிலத் தேதி கிழிந்துபோயிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். கீலக வருஷம் 1908இலும் வரும், 1848இலும் வரும். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டைக் குறித்திருந்தால் அது தெய்வாதீனம், 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது நான்கெல்லை. செக்குபந்தி என்று பத்திரம் எழுதுகிறவர்கள் சொல்லும் அந்தப் பகுதியில், எதற்குக் கிழக்கு, எதற்கு மேற்கு என்று பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள் இருக்கும். ஆட்களை விட்டுவிட்டு நிலவாரி அட்டவணைக்கு மாறி, எங்கள் நிலத்தைச் சுற்றியிருந்தவர்களின் பத்திரங்களை நகல் எடுத்தேன். 1908ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ஒன்றில், பக்கத்து நிலக்காரர் தம் மேற்கெல்லையைச் சொல்லும்போது என் பூட்டன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதி, அவருக்கும் "தம்பிமார் இருவருக்கும் பொதுவில் பாத்தியப்பட்ட நஞ்சை" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தார். பூட்டனுக்குத் தம்பிகள் இருந்தார்கள் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசமில்லை, காலும் ரகரமும் ஒரே கோடு. 'கொலலை' என்பதைக் கொல்லை என்றும் 'மெறகு' என்பதை மேற்கு என்றும் கண் பழகும் வரை, அந்த ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

அதே அட்டவணை வழியாகக் கிடைத்த 1931ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் ஒரு வடக்குத் தெருக்காரர். சொத்து தமக்கு வந்த விதத்தைச் சொல்லும் இடத்தில், 1913ஆம் வருஷத்திய வழக்கின் நம்பரைக் குறித்து, அந்த டிகிரிப்படி, அதாவது கோர்ட் உத்தரவுப்படி, தம் பங்குக்குக் கிடைத்தது என்று எழுதியிருந்தார். அந்த நம்பர் இல்லாமல் கோர்ட்டுக்குப் போயிருந்தால் யாரும் என்னை உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், காரணத்தைச் சொல்லிப் பிரமாணப் பத்திரத்துடன் மூன்றாம் நபர் மனுவாகப் போட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கென்றால் பிராதுடன் (வழக்கு மனுவுடன்) வம்சாவழிப் பட்டியல் இணைத்திருப்பார்களே என்று நான் பிராதைக் கேட்டேன். மனு திரும்பி வந்தது. வழக்குக் கட்டு, விதிப்படி, என்றைக்கோ அழிக்கப்பட்டுவிட்டது, தீர்ப்பும் டிகிரியும் மட்டுமே காப்பறையில் இருக்கின்றன என்றார்கள். அவற்றைக் கேட்டு மறுபடி எழுதிக் காத்திருந்து வாங்கினேன். நகல் கைக்கு வந்த அன்று நகல் பிரிவு வராந்தாவிலேயே நின்று படித்தேன்.

தீர்ப்பு ஆங்கிலத்தில் ஆறு பக்கம். இரண்டாவது பத்தியிலேயே, அழிந்துபோன வம்சாவழியை முன்சீப் வாக்கியமாகச் சொல்லியிருந்தார். ஓட்டனுக்கு மூன்று மகன்கள். மூத்தவர் என் பூட்டன், முதல் பிரதிவாதி. நடுமகன் பினாங்குக்குப் போனவர், தொடர்பு நின்றுவிட்டது. இளையவர் காலமாகிவிட்டார். வாதி அந்த இளையவரின் ஒன்பது வயது மகன். அவனுக்காக வழக்கை நடத்தியவள் அவன் தாய். 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும் வரை கூட்டுக்குடும்பச் சொத்தில் விதவை தனக்கென்று பங்கு கேட்க முடியாது என்பதால், மகனை முன்னிறுத்தி வழக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பெயரை, அவள் இன்னாருக்கு என்ன முறை என்ற விவரத்தோடு, ஓர் ஆவணத்தில் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

வழக்கின் சாரம் இது. குடும்பத்துக்கு அவசியம் எதுவும் இல்லாத நிலையில், மைனரின் பங்கையும் சேர்த்து என் பூட்டன் நிலத்தை விற்றிருக்கிறார். ஆகவே வாதியின் மூன்றில் ஒரு பங்கை அந்தக் கிரயம் கட்டுப்படுத்தாது. சொத்து விவரம் சொல்லும் தபசிலில் 2 ஏக்கர் 44 சென்ட் என்று இருந்தது. எங்களிடமிருந்த பழைய பத்திரத்தில் 7 மா 40 குழி. மா ஒன்றுக்கு 100 குழி, சுமார் 33 சென்ட் என்று கணக்குப் போட்டதும் இரண்டும் ஒன்றுதான் என்பது உறுதியாயிற்று. வடக்குத் தெருக்காரர்கள் எங்கள் பங்காளிகள் என்பதும்தான்.

பினாங்குக்காரரின் கிளையை இன்னும் என்னால் தொட முடியவில்லை. தீர்ப்பைத் தமிழில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் ஒரு தடவை படித்தார், இரண்டாவது பத்தியை இன்னொரு தடவை படித்தார். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "செலவுத் தொகையும் நாமதான் கொடுக்கணும்னு போட்டிருக்கே, எங்க தாத்தா கொடுத்தாரா இல்லையா, அது எங்க இருக்கும் பாரு" என்றார்.