பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழும் பள்ளியில் பார்த்த ஓர் அறிவிப்பும்

என் மகள் 2024-25ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு படித்தாள். திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். காலையில் எட்டரைக்குப் போனால் வீடு வந்து சேர இரவு ஒன்பதாகிவிடும். பள்ளியின் வாட்ஸ்அப் குழு அவள் அப்பாவின் போனில்தான் இருக்கிறது. அவருக்கு டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், இரவு ஷிப்ட். வருகிற செய்திகளைத் தூக்கக் கலக்கத்தில் மேலோட்டமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் பள்ளி அறிவிப்புகள் எங்கள் வீட்டுக்குப் பாதிதான் வந்து சேரும்.

அந்த ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கக் கூட்டம் போட்டார்கள். பெற்றோர் கட்டாயம் வர வேண்டும் என்று மகள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கூட்டம் தொடங்க நேரமாகும் என்றார்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலாண்டுத் தேர்வு, கலைத் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்க வேண்டியவர்கள், சைக்கிள், ஆதார் புதுப்பிப்பு என்று தாள் தாளாக ஒட்டியிருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒன்று: பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களை வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும், பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இதை வைத்துத்தான் தயாராகும்.

நகல்தானே, எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று இரவு பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு கோடு மட்டும்.

காரணம் புரியாமல் இல்லை. முதல் பிரசவம், அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். விருதுநகர் மாவட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் 2009 நவம்பரில் பிறந்தாள். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் என் அப்பா போய்ப் பதிந்துவிட்டார். அப்போது அவளுக்குப் பெயரே வைக்கவில்லை. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தி, அங்கேதான் பெயர் வைத்தோம். ஒரு வருடத்துக்குள் போயிருந்தால் கட்டணமே இல்லாமல் பெயரைச் சேர்த்திருப்பார்கள். யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறந்த தேதியையும் எங்கள் பெயர்களையும் பார்த்துக்கொண்டு, நாங்கள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார்கள். அப்படியே பத்து வருடம் ஓடிவிட்டது.

மறுநாள் வகுப்பாசிரியருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பாப்பாவுக்கு எப்பம்மா பதினஞ்சு முடியுது?" நவம்பர் என்றேன். "அப்போ உடனே ஓடுங்க. பதிவு பண்ண நாள்லேருந்து பதினஞ்சு வருஷத்துக்குள்ளதான் பேர் சேர்க்க முடியும். இருநூறு ரூபா தாமதக் கட்டணம், அவ்வளவுதான். ஆனா தேதி தாண்டினா கஷ்டம்மா." கையில் மூன்று மாதம்கூட இல்லை. அந்தப் பலகையை அன்று பார்க்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பெயரை எங்கே பிறந்தாளோ அந்த ஊர் நகராட்சியில்தான் சேர்க்க வேண்டும். நாங்கள் இருப்பது திருப்பூரில். ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, முந்தைய நாள் இரவே பஸ் ஏறி, தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழியாகப் போய்ச் சேர்ந்தேன். எங்களுக்குச் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஷிப்ட் குறைந்தால் அதில் அப்படியே தெரியும். நகராட்சியில் சுகாதாரப் பிரிவைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்று, சான்றிதழை நீட்டினேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி தர வேண்டும் என்றார். பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் போட்டுப் பள்ளியிலிருந்து ஒரு சான்று வேண்டும், மூன்று பேரின் ஆதார் நகலும் வேண்டும். என்னிடம் என் ஆதாரும் அவள் ஆதாரும் மட்டும்தான் இருந்தன. அன்று வேலை நடக்கவில்லை.

ஆனால் கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார், அதற்காக அவருக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். "பேரை ஒரு தடவை ஏத்திட்டா அப்புறம் மாத்த முடியாதும்மா. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எப்படி எழுதணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

என் மகளின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. தமிழில் எல்லா இடத்திலும் சரியாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில்தான் சிக்கல். ஆதாரில் இசட், எச் போட்டு ழகரமாக எழுதியிருந்தார்கள். பள்ளிப் பதிவில், அதாவது கல்வித் துறையின் எமிஸ் பதிவில், வெறும் எல் போட்டிருந்தது. ஒன்றாம் வகுப்பில் யாரோ ஏற்றியது, வருடா வருடம் அப்படியே வந்திருக்கிறது. அவள் நோட்டில் எழுதுவது இசட் எச். அவளிடம் கேட்டேன். "என் பேரு ழ தாம்மா, ல இல்ல" என்று உடனே சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு யோசனையே வரவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சான்று கேட்டேன். அங்கேதான் முடிச்சு விழுந்தது. பள்ளி கொடுக்கிற சான்று எமிஸில் இருக்கிறபடிதான் வரும், அதில் ஆங்கிலத்தில் எல். அந்தச் சான்றை நகராட்சியில் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழிலும் எல் ஏறிவிடும், மாற்றவே முடியாது. எமிஸில் திருத்தச் சொன்னால் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அதில்தான் பெயரே இல்லையே! நகராட்சி பள்ளியைக் கேட்கிறது, பள்ளி நகராட்சியைக் கேட்கிறது. நான் நடுவில் பையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்று நான் அழுதுவிடாமல் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனது நல்லதாகப் போயிற்று. அந்த அம்மா பொறுமையாக எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். "பேரே மாறல, எழுத்துதானே. ஆதார்ல சரியா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதிக் கொடுங்க, ஆதாரை வச்சு நான் திருத்திக் கொடுக்கறேன். பிறப்புச் சான்று வந்ததும் நகல் கொண்டாந்து ஃபைல்ல வைங்க" என்றார். கடிதத்தை மகளே எழுதினாள். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வாரத்தில் திருத்திய பதிவின்படி சான்று கையில் வந்தது, தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையுமாக.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி என்று இருப்பது நம் பிள்ளைகள் பலருக்கும் நடக்கிறது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பையன்களுக்கு 2024 ஆகஸ்டில்தான் தமிழ்ப் புதல்வன் தொடங்கியது. அந்தப் பணமெல்லாம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருந்தால் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்னால் செய்கிற திருத்தம் ஒரு கடிதத்தில் முடிகிறது. அச்சான பிறகு அலைச்சல் வேறு கணக்கு.

இரண்டாம் முறை காலாண்டு விடுமுறையில் மூவருமாகப் போனோம். செப்டம்பர் 30, திங்கட்கிழமை. அவள் அப்பாவும் லீவு போட்டார். விண்ணப்பம், உறுதிமொழி, பள்ளிச் சான்று, பழைய பிறப்புச் சான்றிதழ், மூன்று ஆதார் நகல், எல்லாம் வரிசையாகக் கோத்து வைத்திருந்தேன். 200 ரூபாய் கட்டி ரசீது வாங்கினோம். ஊழியர் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார்.

எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "சார், சேமிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டுறீங்களா?" அவர் ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மகள் குனிந்து பார்த்தாள். தமிழில் சரி. ஆங்கிலத்தில் எல். அவர் கை பழக்கத்தில் அப்படி அடித்திருக்கிறார். "சார், இசட் எச்" என்று அவளே விரல் வைத்துக் காட்டினாள். அவர் பள்ளிச் சான்றைப் பார்த்தார், திருத்தினார், மறுபடி திருப்பிக் காட்டினார். தலைப்பெழுத்து, எங்கள் இருவர் பெயர், தேதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சேமித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். ஆயுசுக்கும் கூட வரப்போகிற பெயர்.

ஒரு வாரத்தில் இணையத்தில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. தினமும் இரவு சாப்பிட்டபின் போனில் பார்ப்போம். பத்தாவது நாள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன், ஒப்புதல் ஆகவில்லை என்றார்கள். நவம்பர் நெருங்குகிறதே என்ற பயத்தில் ரசீதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் 14ஆம் தேதி பொதுத்தேர்வு அட்டவணையை அமைச்சர் அறிவித்தார்: பத்தாம் வகுப்புக்கு மார்ச் 28 தொடங்கி ஏப்ரல் 15 வரை. மகள் அதைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு மனசெல்லாம் சான்றிதழ் மேல்தான். அந்த வாரக் கடைசியில்தான் வந்தது. க்யூஆர் குறியீட்டோடு புதுச் சான்றிதழ், பெயர் இருக்கும் இடத்தில் பெயரோடு. ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்தோம். ஒன்றை மறுநாளே பள்ளியில் கொடுத்தேன்.

அதன்பிறகு பெயர்ப் பட்டியல் வேலை எளிதாக நடந்தது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சிட்ட தாள் கொடுத்து, சரிபார்த்துப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். பெயர், தேதி, புகைப்படம், கைப்பேசி எண் எல்லாம் இருந்தன. பயிற்று மொழி என்ற கட்டத்தையும் பார்க்கும்படி வகுப்பாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். தமிழ் வழி என்று இருந்தால் தேர்வுக் கட்டணம் கிடையாது. பின்னால் அரசு வேலைக்குப் போகும்போது தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அது வேண்டும். கைப்பேசி எண்ணில் மட்டும் அவள் அப்பாவின் பழைய எண் இருந்தது. சிவப்பு மையால் திருத்தி அனுப்பினோம். தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்குத்தானே வரும்.

பிப்ரவரி கடைசியில் அறிவியல் செய்முறைத் தேர்வு. மார்ச்சில் நுழைவுச்சீட்டு. மார்ச் 28 வெள்ளிக்கிழமை முதல் தேர்வு தமிழ். நான் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். பத்தே கால் ஆனதும் இப்போது எழுத ஆரம்பித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மே 16 காலை ஒன்பது மணிக்கு முடிவு வந்தது. குறுஞ்செய்தி சரியான எண்ணுக்கே வந்தது. அவள் அப்பா இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தார். 412 மதிப்பெண். பதினொன்றில் உயிரியல் எடுத்திருக்கிறாள்.

தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் வாங்கிய அன்று அவள் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, அது முன்பே தெரியும். பெயரைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

எங்கள் லைன் வீட்டில் ஏழு குடும்பம். அந்த வாரமே எல்லோரிடமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். எதிர் வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். அவன் சான்றிதழிலும் அதே கோடு. அவன் அம்மாவுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் நான் எழுதவில்லை. அவனையே எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.