வெள்ளரிக்கு வேப்பிலைச் சாறு: கீழே தடவினேன், மேலே எண்ணினேன்

வெள்ளரி இலையில் முதல் வெள்ளைப் புள்ளியைப் பார்த்த பிறகு சாறு அரைக்க ஓடுவதுதான் நான் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்த தப்பு. சாம்பல் நோய் என்ற இந்தப் பூஞ்சை நோய் எப்படி வரும் என்று தெரியும்தானே, மாவு தூவினது மாதிரி சின்ன வட்டம், விரலால் துடைத்தால் போய்விடும், இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்ப நிற்கும், அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலை முழுக்க வெளுத்து ஓரம் காய்ந்து சுருண்டுவிடும். ஒவ்வொரு தடவையும் வேப்பிலைச் சாறு அடித்தேன், ஒவ்வொரு தடவையும் கொடி போய்விட்டது. சாறு உதவாது என்று முடிவுகட்டி விட்டுவிட்டேன்.

பிறகுதான் செடிகளின் நோய் எதிர்ப்பைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், நான் கேள்வியே தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது. சில தாவரச் சாறுகள் பூஞ்சையைக் கொல்வதற்காக இல்லை, செடியை உசுப்பிவிடுவதற்காக. நமக்கு இருப்பது மாதிரி ரத்தத்தில் ஓடி காவல் காக்கும் அணுக்கள் செடிக்குக் கிடையாது, எதிர்ப்புப் புரதங்களைச் சுமந்து போகும் ஓட்டமும் கிடையாது, ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பூஞ்சை துளைக்க முயலும் இடத்துக்கு நேர் உள்ளே செல் சுவரில் காலோஸ் என்ற பொருளை அடைத்துத் தடித்துக்கொள்ளும், பூஞ்சையின் சுவரை அரிக்கும் கைட்டினேஸ் நொதியைச் சுரக்கும், கசப்பான பீனால் வகைப் பொருட்களைச் சேர்த்துவைக்கும். இதெல்லாம் நடக்க நேரம் வேண்டும். எதிரி உள்ளே வந்த பிறகு கதவைத் தட்டி எழுப்பி என்ன பிரயோஜனம்?

இதில் என்னை உண்மையாகவே அசத்தியது ஒரு பழைய சோதனை. 1961-ல் ஃபிராங்க் ராஸ் என்ற விஞ்ஞானி புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் மொசைக் வைரஸைத் தடவினார், சில நாள் கழித்து அதே வைரஸை மேல் இலைகளில் தடவினார். மேல் இலைகளில் புண்கள் சிறுத்தும் குறைந்தும் வந்தன. அதாவது கீழே பட்ட அடி மேலே தெரிந்திருக்கிறது, ஏதோ ஒரு செய்தி தண்டு வழியாகப் போயிருக்கிறது. 1979-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒயிட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்திப் பார்த்தார், அதுவும் எதிர்ப்பைத் தூண்டியது. ஆஸ்பிரினின் தாய்ப்பொருளான சாலிசிலிக் அமிலத்தைச் செடியே நோய் தாக்கும்போது கூடுதலாகச் சுரக்கிறது என்று 1990-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின, ஒன்று புகையிலையில், இன்னொன்று நம்ம வெள்ளரியில். வெள்ளரி என்று படித்ததும் உட்கார முடியவில்லை, தொட்டிகளை எடுத்துவிட்டேன்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வேப்பிலைச் சாறு பூஞ்சையை நேராக அடிக்கிறதா, இல்லை செடியை உசுப்புகிறதா? சாறு பட்ட இலையிலேயே புள்ளிகளை எண்ணினால் இதற்குப் பதில் கிடைக்காது. ராஸ் செய்த மாதிரி கீழே தடவி மேலே எண்ண வேண்டும்.

12 சின்னத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளரி நாற்று, மூன்றாவது இலை விரியும் வரை காத்திருந்தேன். நான்கு செடிக்கு வேப்பிலைச் சாறு, நான்குக்கு ஆஸ்பிரின், நான்குக்கு வெறும் தண்ணீர். சாறு எடுத்தது சாதாரண முறைதான்: 100 கிராம் பச்சை இலையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்கு ஒரு சொட்டு சோப்புக் கரைசல். மற்ற இரண்டு பங்கிலும் அதே சோப்பு ஒரு சொட்டு விட்டேன், இல்லாவிட்டால் வித்தியாசம் சோப்பினாலா சாறினாலா என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், மறுநாள் வைத்தால் புளித்த வாடை வந்துவிடுகிறது.

தெளிப்பானை ஒதுக்கிவிட்டு தூரிகையால் கீழ் இரண்டு இலைகளில் மட்டும் மேலும் கீழுமாகத் தடவினேன். மூன்றாவது இலையைக் காகிதப் பையால் மூடினேன், மண்ணின்மேல் பிளாஸ்டிக் தாளை வெட்டிப் போட்டேன். மண் ஏன் என்றால், சொட்டுவது வேர் வழியாக உறிஞ்சப்பட்டு மேலே போனாலும் நான் ஏமாந்துவிடுவேன்.

முதலில் ஆஸ்பிரினில் சறுக்கினேன். 300 மில்லிகிராம் மாத்திரை இரண்டை அரை லிட்டரில் கரைத்துத் தடவிவிட்டேன், மூன்றாம் நாள் இலை ஓரம் முழுக்கப் பழுப்புக் கோடு, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டு, தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கியது. அந்த நான்கு செடியையும் எடுத்துவிட்டு, கூடுதலாக வளர்த்து வைத்திருந்த நாற்றுகளை வைத்து மொத்தச் சோதனையையும் திரும்பத் தொடங்கினேன். இந்தத் தடவை கால் மாத்திரை, ஒரு லிட்டர் தண்ணீர். இலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்கு நாள் விட்டு, காகிதப் பைகளைக் கழற்றி, 12 தொட்டிகளையும் நெருக்கி வைத்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே போட்ட ஓட்டை வழியாக, நோய் முற்றிய ஒரு பழைய இலையின்மேல் உலர்ந்த தூரிகையைத் தட்டித் தட்டி பூஞ்சையின் வித்துகளை உள்ளே உதிர்த்தேன். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு முளைக்க இலை ஈரமாக இருக்க வேண்டியதில்லை, அதனால் தண்ணீரில் கலக்காமல் உலர்வாகவே விட்டேன். எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் விழட்டும் என்று நடுவில் மூன்று முறை தொட்டிகளை இடம் மாற்றினேன்.

எட்டாம் நாள் மூன்றாவது இலைகளை மட்டும் வெட்டி, பின்னால் எண் எழுதி, என் அக்காவிடம் கொடுத்தேன். எது எந்தச் செடி என்று அவருக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெள்ளை வட்டங்களை எண்ணிக்கொண்டே வந்தவர் ஏழாவது இலையில் நிறுத்தி, "டேய், இதுல ரொம்பக் கம்மியா இருக்கே, சரியா விழலையோ?" என்றார். அது ஆஸ்பிரின் இலை.

தண்ணீர்ச் செடிகள்: 34, 29, 41, 26. வேப்பிலை: 15, 11, 27, 18. ஆஸ்பிரின்: 12, 20, 9, 16. கூட்டினால் 130, 71, 57. வேப்பிலையில் அந்த 27 தண்ணீர்ச் செடியின் 26-ஐத் தாண்டுகிறது, நான்கு நான்கு செடியை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சாறே படாத இலையில் கிட்டத்தட்டப் பாதிதான் புள்ளி என்பதை எண்ணிப் பார்த்தபோது கை நடுங்கியது. இலை பேசுகிறது, இன்னொரு இலை கேட்கிறது, அதை என் தொட்டியிலேயே பார்த்துவிட்டேன்.

அடுத்த சுற்றில் பழைய தப்பைச் சோதித்தேன். நான்கு செடிக்கு வித்து தூவுவதற்கு நான்கு நாள் முன்பு சாறு, நான்குக்கு தூவிய அன்றே, நான்குக்கு தண்ணீர். இதே முறைதான், இதே அக்காதான் எண்ணினார். மொத்தம் 64, 109, 118. அன்றே தடவியதும் தண்ணீரும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. இத்தனை வருஷம் நோய் வந்த பிறகு அடித்துவிட்டு சாறைக் குறை சொன்னதற்கு விடை இந்த மூன்று எண்ணில் இருக்கிறது.

நான் தனியாக ஏதோ கண்டுபிடித்த மாதிரி சொல்லவில்லை. ரேனூட்ரியா சக்காலினென்சிஸ் என்ற ஆளுயரத்துக்கும் மேல் வளரும் ஒரு செடியின் சாறு இதே வெள்ளரி, இதே சாம்பல் நோய்க்கு விற்பனையிலேயே இருக்கிறது, அது தடவிய வெள்ளரி இலைகளில் பூஞ்சைக்கு ஆகாத பீனால் பொருட்கள் கூடுவதை 1990-களிலேயே காட்டியிருக்கிறார்கள். பழுப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் லாமினாரின் இன்னொன்று. அது ஒரு சர்க்கரைச் சங்கிலி, பூஞ்சைச் சுவரில் இருக்கும் சங்கிலியைப் போலவே இருப்பதால் செடி பூஞ்சை வந்துவிட்டது என்று நினைத்து விழித்துக்கொள்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தோட்டத்துக் கொடிகளில் ஆர்வத்தில் ஐந்து வாரம், ஒரு வாரம்கூடத் தவறாமல் சாறு அடித்தேன். அடித்த இரண்டு கொடிகளும் அடிக்காத கொடியைவிடக் குட்டையாக நின்றுவிட்டன, கணுக்களுக்கு நடுவே இடைவெளி குறைந்தது, முதல் பூ ஒரு வாரம் தள்ளி வந்தது. எதிர்ப்புக்குச் செலவழிக்கும் சத்து வளர்ச்சிக்குப் போகாது, செடி எந்நேரமும் சண்டைக்குத் தயாராகவே நிற்க வேண்டியிருக்கிறது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றிவிட்டேன். அதுவும் பக்கத்தில் எங்காவது நோய் தெரிகிற பருவத்தில் மட்டும்.

மிளகாய்க்கு மூக்கிரட்டை வேர் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வேர்ச் சாறு வைரஸைத் தடுப்பதை வர்மாவும் அவஸ்தியும் 1979-லேயே எழுதியிருக்கிறார்கள், அதில் இருக்கும் கிளைக்கோபுரதம் என்ற சர்க்கரை ஒட்டிய புரதம்தான் செடியில் எதிர்ப்பைத் தூண்டுகிறது, அதையும் வைரஸ் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வேர் சதைப்பற்றாக இருக்கிறது, இடித்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது, வடிகட்டத் துணியை நான்கு முறை மாற்ற வேண்டியிருந்தது. மிளகாய் நாற்றுக்கு இப்போது நான்கு இலை. வைரஸைக் கொண்டுவரும் வெள்ளை ஈ இன்னும் வரவில்லை. நேற்றுக் காலை எட்டு தொட்டியில் நான்குக்குச் சாறு அடித்தேன், நான்குக்குத் தண்ணீர், அட்டையில் எண் எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.