எத்தனை பேர் இருப்பார்கள்?

1961 நவம்பரில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலி வானியல் ஆய்வகத்தில், வேற்றுலக நாகரிகங்களைத் தேடுவது பற்றி ஒரு சிறிய கூட்டம். அதில் எதையெல்லாம் பேச வேண்டும் என்று குறித்துக்கொள்ளத்தான் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் தன் புகழ்பெற்ற சமன்பாட்டை எழுதினார். ஏழு காரணிகளைப் பெருக்கினால், நம் பால்வெளியில் இன்று சமிக்ஞை அனுப்பக்கூடிய நாகரிகங்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

அன்று சூரியனைத் தவிர வேறு விண்மீனுக்குக் கோள் உண்டா என்றே தெரியாது. 1995இல் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் 51 பெகாசி பி என்ற கோள் தெரியவந்தது, அப்புறம் கோள்களைத் தேடிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி. கோள்கள் சர்வசாதாரணம் என்றாகிவிட்டது. சரி, கோள்கள் பற்றிய காரணி தீர்ந்தது.

என்னை விடாமல் துரத்துவது கடைசிக் காரணி: ஒரு நாகரிகம் எவ்வளவு காலம் பேசிக்கொண்டிருக்கும்? நாம் வானொலி அலைகளை அனுப்பத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. பால்வெளியின் குறுக்களவோ சுமார் 1,00,000 ஒளியாண்டு! 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு அனுப்பிய செய்தி அவ்வளவு தூரம் போக சுமார் 25,000 ஆண்டுகள் ஆகும். சில நூறு ஆண்டுகளில் எல்லாரும் ஓய்ந்துவிடுவார்கள் என்றால், ஒருவர் பேசும்போது கேட்க இன்னொருவர் இருக்கவே மாட்டார்.

பூமியில் நுண்ணுயிர்கள் சீக்கிரமே வந்துவிட்டன. வானொலி கட்டத் தெரிந்த உயிர் வர சுமார் 400 கோடி ஆண்டுகள் பிடித்தன. அதனால் பாக்டீரியா போன்றவை ஏராளம், பேசுபவர்கள் மிக அரிது என்பதே என் கணிப்பு. அது பொய்த்துப்போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.