ஏச முடியாத பெயர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மேசையில் இருந்த பெயர்ப்பலகையில் 'மதுமதி' என்று போட்டிருந்தது. என் பெயர் மாதுமை. திருகோணமலையில் இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, கோணேசர் கோயில் அம்பாளின் பெயர். ஆனால் எங்கள் நிதி நிறுவனத்தின் தலைமையகம் கொழும்பில்.

ஊழியர் சேமலாப நிதிப் படிவத்திலும் மதுமதிதான் போயிருந்தாள். அடையாள அட்டையோடு ஒத்துவரவில்லை. சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினால், திரும்பி வந்தது 'மதுமை'. சரி, அந்தக் கதை நீளம்.

அப்பம்மா வைத்த பெயர் இது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த காலத்தில் மண்ணுக்குள் போன விக்கிரகங்களில் சில, 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன. அப்பம்மாவுக்கு அப்போது பத்து வயது. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். அம்பாளின் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பற்றித்தான் கடைசிவரை சொல்வார். பெண் பிள்ளை பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அன்றைக்கே நினைத்தாராம். பத்து வயதில் யார் அப்படி நினைப்பார்கள்? 1963 கும்பாபிஷேகத்தின்போது நினைத்திருப்பார் என்பது என் கணக்கு. எப்படியோ, பிறந்த நாலும் ஆண்கள். பேத்தி வரும்வரை பெயர் காத்துக்கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவர் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. குழப்படி செய்தால் ஏச வேண்டுமே, அம்பாளின் பெயரைச் சொல்லி எப்படி ஏசுவது? அதற்கென்றே வீட்டில் 'குஞ்சு' ஆக்கிவிட்டார்.

புதுப் பலகை வந்த பிறகு ஒருநாள், அடகு வைத்த சங்கிலியை மீட்கத் தம்பலகாமத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பிள்ளை, மாதுமையோ? எங்கட அம்மாள்ட பேரல்லோ!"

கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு என் விரல்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வரிசை நின்றது. கூச்சத்தில் வட்டியை இரண்டு தடவை பிழையாகக் கூட்டினேன்.

போன மாதம் அறிக்கை பிந்தியதற்குக் கொழும்பிலிருந்து மேலதிகாரி தொலைபேசியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். "என்ன வேலை இது மதுமதி? எத்தனை தரம் சொல்வது மதுமதி?" முன்பென்றால் இடையில் புகுந்து திருத்தியிருப்பேன். அன்றைக்கு விட்டுவிட்டேன். ஏச்சு விழுவது மதுமதிக்குத்தானே.

"சரி சேர்" என்றேன்.